நாலாவது வீடு

மாமியின் செத்தவீட்டில் நான் கனநேரம் இருக்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் கதைத்தார்கள். "கையில ஒண்டும் வெச்சிரிக்க மாட்டா. கேட்டாலும் குடுப்பா, கேக்காட்டியும் குடுப்பா. தங்கமான மனுசி." மூத்த மகள் தலைமாட்டில் இருந்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "எங்களுக்கெண்டே சீவிச்ச மனுசி" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் மரண வீடு என்றும் பாராமல் எதையாவது சொல்லிவிடுவேன் என்று பயந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். தங்கமும் இல்லை, பித்தளையும் இல்லை. அந்த மனுசியை உரித்துத் தின்றார்கள். அவரும் தின்னட்டும் என்று இருந்தார்.

மாமி எனக்கு இரத்த உறவு இல்லை. தன்னாமுனையில் எங்கள் வளவுக்கும் அவருடைய கடைசி மகளின் வளவுக்கும் நடுவில் ஒரு கம்பி வேலி, அவ்வளவுதான். சுனாமிக்குப் பிறகு நான் ஒரு வெளிநாட்டு நிவாரண நிறுவனத்தில் சாரதியாகச் சேர்ந்தபோது, பொம்பிளைப் பிள்ளை வாகனம் ஓட்டுவதா என்று ஊர் முழுக்க மூக்கில் விரல் வைத்தது. நான் லைசன்ஸ் எடுத்த கிழமை பக்கத்துச் சீட்டில் ஏறி, "எங்கயெண்டாலும் போ புள்ள, நான் இரிக்கன்" என்று சொன்ன ஒரே ஆள் மாமிதான். அந்த நன்றி எனக்கு இருக்கிறது. நன்றி இருப்பதால் கோபம் குறைந்துவிடும் என்று ஒரு சட்டமும் இல்லை.

அவரிடம் ஒரு பொருளைப் பார்த்து "நல்லாரிக்கே மாமி" என்று மட்டும் சொல்லக்கூடாது. அடுத்த நிமிசம் அது உங்கள் கையில் இருக்கும். ஒரு தடவை ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டிப் புதுக் கண்ணாடி எடுத்துக்கொண்டு வந்தார். எதிர்வீட்டு அக்கா அதைச் சும்மா வாங்கிப் போட்டுப் பார்த்து, "அடி, எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுதுகா" என்றாள். அவ்வளவுதான், போய்விட்டது. அதற்குப் பிறகு மாமி ஊசியில் நூல் கோக்க என்னிடம்தான் வருவார். வாவிக்கரையில் வலைக்காரரிடம் நண்டு வாங்கினால் வீடு வந்து சேர்வதற்குள் பை பாதியாகிவிடும். மழை நாளில் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு வருவார். ஏன் மாமி என்று கேட்டால், "அவள் கைப்புள்ளக்காரிகா" என்பார். கைப்பிள்ளை இல்லாவிட்டால் வயதானவர் என்பார். வயதும் இல்லாவிட்டால், "பாவம், கேட்டிட்டா" என்பார். கேட்டவளுக்கு ஒரு காரணம் தேடிக் கொடுப்பதிலும் மாமிக்குத்தான் சிரமம்.

"உங்களுக்கெண்டு ஒண்டும் வேணாமா மாமி?" என்று நான் ஒருநாள் கத்தினேன்.

"எனக்கென்ன புள்ள. ஒரு பாய் விரிக்க இடம் காணும்."

அந்தப் பாய்க் கதையைக் கேட்டாலே எனக்கு எரியும். ஏனென்றால் அந்தப் பாயை விரிக்கிற இடமும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டுதான் வந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். தாயும் தகப்பனும் வீடுவளவை மகளின் பேருக்கு எழுதிவிட்டு வெளிக்கிடுவார்கள். இதில் பெரிய நன்மை உண்டு, நான் மறுக்கவில்லை. புருசன் சரியில்லை என்றால் வெளியே போகவேண்டியது அவன்தான், இவள் இல்லை. ஆனால் மூன்று பெண்ணைப் பெற்றவளின் கதையை யாரும் கேட்பதில்லை. மாமியின் தாய் அவருக்குக் கொடுத்த கல்வீடு மூத்தவளுக்குப் போனது. மாமியும் மாமாவும் பின்வளவில் ஒரு சின்ன வீடு கட்டினார்கள். அதற்கு ஓடு போட்டு, கிணறு வெட்டி, முன்னால் விறாந்தை இறக்கி, மனுசர் இருக்கிற வீடாக ஆக்கி முடித்தபோது இரண்டாவதுக்குப் பேசி வந்தார்கள். அதுவும் போனது. பிறகு எங்கள் வேலிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கி மூன்றாவதைக் கட்டினார்கள். அந்த வீடு கடைசி மகளுக்கு. ஒவ்வொரு தடவையும் பானை சட்டி, கட்டில், அலுமாரி எல்லாவற்றையும் வைத்துவிட்டுத்தான் வெளிக்கிடுவார். வெறும் வீட்டைக் கொடுத்தால் ஊர் சிரிக்குமாம்.

மாமா செத்த பிறகு கடைசி மகளின் வீட்டில் ஓர் ஓரத்து அறையை மாமிக்கு ஒதுக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த மருமகனுக்கு வவுணதீவுப் பக்கம் வயல் இருந்தது. அறுவடை முடிந்தால் நெல்லு மூட்டை வந்து இறங்கும். எங்கே அடுக்குவது? ஓரத்து அறையில்தான். மூட்டை கட்டில் வரைக்கும் வந்ததும் மாமி பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்கு வந்துவிடுவார். நெல்லுக்கு நனையாத இடம், மாமிக்குச் சாரல் அடிக்கிற இடம். நான் வேலிக்கு இப்பால் நின்று பல்லைக் கடிப்பேன். "நெல்லு நனைஞ்சா முளைச்சிரும் புள்ள, நான் நனைஞ்சா முளைப்பனா?" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

அப்படிப்பட்ட மனுசிக்குத்தான் ஒருநாள் ஆசை வந்தது.

வாவிக்கரையில் ஒரு வெள்ளைக்காரச் சோடி வந்து வேனை நிறுத்தியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் மாமியின் வயதிருக்கும். வேனுக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, யன்னலுக்குத் திரை எல்லாம் இருந்தது. மாமி வழக்கம்போல ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனார். எனக்கு நிறுவனத்தில் பழகிய இங்கிலீசு கொஞ்சம் இருந்ததால் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பெண் எங்களை உள்ளே ஏற்றித் தேத்தண்ணி தந்தாள். மாமி கட்டிலைத் தொட்டுப் பார்த்தார். அலுமாரிக் கதவைத் திறந்து மூடினார்.

"இவங்கட வீடு எங்கயாம், கேள் புள்ள."

கேட்டேன். வீட்டை விற்றுத்தான் இதை வாங்கினார்களாம்.

"புள்ளையள் இல்லையாமா?"

இரண்டு பெண் பிள்ளைகளாம்.

"அப்ப அதுகளுக்கு?"

அதுகள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்க்குதுகளாம். இதை நான் சொன்னதும் மாமி அலுமாரிக் கதவை இன்னொரு தடவை திறந்து மூடினார். வீட்டுக்கு நடந்து வந்தோம். எங்கள் வேலியடியில் வந்து நின்றுதான் வாயைத் திறந்தார்.

"புள்ள, சில்லு வெச்ச வீட்ட ஆரும் சீதனமாக் கேக்க மாட்டாங்க, என்ன?"

மாமாவின் வேன் அந்த வளவின் மூலையில் மாமரத்துக்குக் கீழே கிடந்தது. உயர்ந்த கூரை வைத்த பழைய வேன். மாமா உயிரோடு இருக்கும்போது வாடகைக்கு ஆட்களை ஏற்றி மலைநாட்டுக்கு ஹயர் ஓடினார். பசறைக்குப் போகும் வழியில் மலைமேல் ஒரு சின்ன ஊரைப் பற்றி மாமியிடம் எப்போதும் சொல்வாராம். ஒரே ஒரு கடைத்தெரு, ஒரு கோயில், ஒரு பேக்கரி. காலையில் பனி கடைக்குள்ளேயே வந்து நிற்குமாம். ஒவ்வொரு ஹயருக்கும் மாமிக்கென்று ஒரு சீட்டு வைப்பாராம். வெளிக்கிடுகிற நேரத்தில் யாராவது வந்து, இன்னும் ஒரு ஆள் ஏறலாமா என்று கேட்பார்களாம். மாமி இறங்கிவிடுவாராம். இப்படியே அந்த மனுசன் ஊரில் பாதிப் பேரை மலைக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுச் செத்துப்போனார். பெண்சாதி செங்கலடிக்கு அப்பால் போனதில்லை.

"பஸ்ஸில போவமே மாமி. நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன்.

"பஸ்ஸில போனா மறுகா ஆர்ரயும் அறையில்தானே படுக்கணும். எனக்கு எண்ட கதவத் துறந்து பாக்கணும் புள்ள. ஒரு கிழமை காணும்."

அதுதான் விசயம். மலை இரண்டாவது. தன் கதவு முதலாவது. எனக்கு அது விளங்கிய நாளிலிருந்து அந்தப் பயணம் என்னுடைய பிடிவாதமாகவும் ஆகிவிட்டது.

முதலில் கோழிகளைக் கலைத்தோம். பின்சீட்டில் அடை கிடந்த கோழி என்னைக் கொத்திப்போட்டது. சீட்டுகளைக் கழற்றி, பலகை அடித்து, ஒரு பக்கம் மாமிக்கும் மறுபக்கம் எனக்கும் படுக்கை போட்டோம். காஸ் அடுப்பு வைக்க ஒரு தட்டு. பின்மூலையில் திரை போட்டு, அதற்குள் மூடியுள்ள ஒரு வாளி, இரண்டு பொம்பிளைகள் போகிற பாதையில் அது இல்லாமல் முடியாது. பக்கக் கதவுக்கு எந்தக் காலத்திலும் பூட்டு வேலை செய்ததில்லை, மாமா கயிறு கட்டித்தான் ஓட்டினார். படுக்கும்போது பயமில்லாமல் இருக்க உள்ளே ஒரு கொண்டி அடித்தேன். ஏறாவூரிலிருந்து கராஜ் வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் காக்கா வந்து கீழே படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, இந்த பிரேக்கோட மலை ஏறலாம். இறங்கத்தான் ஏலாது." பிரேக் முழுவதும் புதிதாகப் போட்டோம். டயர் மாற்றினோம். கடைசியாக வேனுக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்து, கீழ்ப்பாதியில் ஒரு நீலக் கோடும் இழுத்தோம். அது மாமியின் ஆசை.

பாதையைப் பற்றி எங்களுக்குள் தினமும் சண்டை. ஏறாவூர், செங்கலடி, கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பிபிலை, அங்கிருந்து மாமா சொன்ன ஊருக்கு லுணுகலை ஏற்றம். நான் ஒரே ஓட்டத்தில் பிபிலைக்குப் போய்த் தங்கலாம் என்றேன். மாமிக்கு மகாஓயா வெந்நீர்க் கிணற்றில் குளிக்க வேண்டும். சரி என்றேன். பிறகு பார்த்தால் அரிசி, பருப்புக்குப் பக்கத்தில் ஒரு சாக்குக் கருவாடு கட்டி வைத்திருக்கிறார்.

"இது என்னத்துக்கு?"

"மலைச்சனத்துக்கு நல்ல கருவாடு கிடைக்காதுகா. ஆரும் கேட்டா?"

"அங்க உங்கள ஒருத்தருக்கும் தெரியாது மாமி. ஆர் கேக்கப் போறா?"

"ஆரும் கேட்டா எண்டுதானே சொன்னன்."

நான் அந்தச் சாக்கை அவிழ்த்துக் குசினிக்குள் கொண்டுபோய் வைத்தேன். அவர் திரும்ப எடுத்து வந்து வைத்தார். மூன்று தடவை நடந்தது. கடைசியில் அரைச் சாக்குக்கு ஒத்துக்கொண்டோம்.

போவது ஆடி மாதத்தில் என்று முடிவெடுத்தோம். இங்கே கச்சான் காற்று நெருப்பாய் வீசும், அங்கே குளிராய் இருக்கும். மாமி வேறொரு காரணமும் சொன்னார். "ஆடியில ஆரும் கலியாணம் பேசி வரமாட்டாங்க புள்ள. நாம பயமில்லாமப் போகலாம்."

ஆனி இருக்கிறது என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

ஆனி முடிகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை மூத்தவளின் மகளைப் பார்க்க ஆரையம்பதியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மூத்தவளின் வீட்டில் கூரை வேலை நடந்ததால் பெண் பார்ப்பதை இங்கே, கடைசி மகளின் வீட்டில் வைத்தார்கள். மாமரத்தடியில் சமைக்க வேண்டும் என்று என்னைக் கேட்காமலே வேனைத் தள்ளிக்கொண்டுவந்து முன்வாசலில் விட்டிருந்தார்கள். நான் தேத்தண்ணித் தட்டோடு வந்தபோது மாப்பிள்ளையின் தாய்மாமன் வேனைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். டயரைக் காலால் தட்டினார்.

"நல்ல வேன். புதுசு மாதிரி இரிக்கி. நம்மட பொடியன் ஹயர் ஓடித்தான் பழக்கம். இது ஆர்ர?"

மூத்த மகள் தாயைப் பார்த்தாள். நானும் மாமியைத்தான் பார்த்தேன். வேணாம், சொல்லாதீங்க என்று கண்ணால் கெஞ்சினேன். மாமி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு சொன்னார்:

"ஆர்ர எண்டு என்ன தம்பி. வீட்டுச் சாமான்தான். புள்ளையளுக்குத்தானே எல்லாம்."

தட்டை மேசையில் போட்ட சத்தத்தில் ஒரு கோப்பை உடைந்தது. கை வழுக்கிவிட்டது என்று மூத்தவள் வந்தவர்களுக்குச் சொன்னாள். வழுக்கவில்லை.

எனக்கு இன்றுவரைக்கும் ஆறாத கோபம் எது தெரியுமா? அது துருப்பிடித்துக் கோழி முட்டையிட்டுக் கிடந்தவரைக்கும் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வெயிலில் நின்று உரஞ்சி, பிரேக் போட்டு, பெயின்ற் அடித்து, அதைச் சீதனம் ஆக்கினோம். பின்வளவுக் கொட்டிலை மாமி வீடாக ஆக்கியதும் பேசி வந்தார்களே, அதே கதை. இந்த மனுசி எதைத் தொட்டுத் திருத்தினாலும் அதை வாங்க ஒரு மாப்பிள்ளை எங்கேயோ பிறந்திருந்தான்.

வந்தவர்கள் போனதும் மாமியைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு வார்த்தை. 'எண்ட' எண்டு ஒரே ஒரு வார்த்தை. அதச் சொல்ல வாய் வரல்லியா?"

"எல்லாரும் என்னையே பாத்தாங்க புள்ள."

"பாக்கட்டுமே!"

"அவள்ர முகத்தப் பாத்தியா? புள்ள காரியம் குழம்பிருமோ எண்டு மூத்தவள் ஏங்கிப்போய் நிண்டாள்."

கலியாணம் ஆவணியில்தான். வேனும் அப்போதுதான் போகும். நடுவில் ஆடி முழுவதும் இருக்கிறது, நாங்கள் போய் வரலாம் என்று மாமியைத் தேற்றினேன். என்னையும் தேற்றிக்கொண்டேன். ஆடி பிறந்து, சாமான் எல்லாம் ஏற்றி, விடிந்தால் பயணம் என்று இருக்கும்போது வேன் சாவியைக் காணவில்லை. மூத்தவள் வந்து எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

நேரே அவளிடம் போனேன். கூரை வேலைத் தூசிக்குள் நின்று ஓடு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சாவியத் தா."

"மலைப் பாதையில ஏதும் நடந்தா மாப்பிள வீட்டாருக்கு நான் என்ன சொல்லுற? ஒரு கீறல் விழுந்தாலும் கதைதான்."

"அது உண்ட அம்மாட வேன். ஒரு கிழமை, அவ்வளவுதான் கேக்கிறா. உங்க மூண்டு பேருக்கும் மூண்டு வீடு தந்தவ."

அவள் ஓட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "என்னத்துக்கு இந்தக் கூரையப் போடுறன் எண்டு நினைக்கிறாய்? எனக்கா? கலியாணம் முடிய மருமகனுக்கும் மகளுக்கும் இத விட்டுட்டு நான் பின்னுக்குக் கொட்டிலுக்குப் போறன். எனக்கு ஆர் வேன் தாற? நீ இரிக்கிற வீடு மட்டும் வானத்திலயிரிந்தா விழுந்த? உண்ட அம்மா தந்ததுதானே?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதனால் கோபம் குறையவில்லை, இன்னும் கூடியது. யார் மேல் என்று தெரியாமல் வருகிற கோபம்தான் மனுசரைத் தின்னும். சாவி இல்லாமல் திரும்பி வந்தேன்.

மாமியிடம் சொன்னபோது அவர் ஓம் என்று தலையாட்டினார். அழவில்லை. அடுத்த நாள் விடிய நான் பல் துலக்கிக்கொண்டு வேலிக்கரைக்கு வந்தால், கடைசி மகள் வேன் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"அம்மா, துறங்க. புட்டுக்கு மா குழைக்கணும். இவர் வயலுக்குப் போகணும்."

உள்ளேயிருந்து மாமியின் குரல் நிதானமாக வந்தது. "நான் ஊரில இல்ல மகள்."

"என்ன விசர்க் கதை இது? துறங்கம்மா."

"போயிற்றன். ஒரு கிழமை கழிச்சி வருவன். வந்த பிறகு கேள்."

நான் வாயில் நுரையோடு சிரித்துவிட்டேன். அவள் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மூத்தவளுக்குத் தகவல் போய் அவள் வந்தாள். பிறகு இரண்டாமவள். பலகாரத்துக்கு மா இடிக்க ஆள் வேணும், அரைச் சாக்குக் கருவாட்டில் கொஞ்சம் தாங்க, உங்கட பட்டுச் சேலையைப் புள்ளைக்குத் தாங்க என்று கதவடியில் நின்று ஒவ்வொருத்தியும் ஒவ்வொன்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரே மறுமொழிதான். அம்மா மலைக்குப் போயிற்றா. ஊர் எழும்புமுன் மாமி இறங்கிக் கிணற்றடியில் காரியங்களை முடித்துக்கொண்டு ஏறிவிடுவார். பயணத்துக்கென்று ஏற்றிய அரிசியும் பருப்பும் கருவாடும் உள்ளேயே இருந்தன. மத்தியானத்தில் அந்த யன்னலால் கருவாடு பொரிக்கிற வாசம் வரும். மூன்றாம் நாளுக்குப் பிறகு பிள்ளைகள் வருவதை விட்டுவிட்டார்கள். அம்மாவுக்கு மூளை பிசகிப்போனது, கலியாணம் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

நான் ஒரே ஒரு தடவை கதவைத் தட்டினேன். "மாமி, நான்தான். ஒண்டும் கேக்க வரல்ல."

கொண்டியை எடுத்து என்னை உள்ளே விட்டார். கச்சான் காற்றில் வெளியே நிற்க முடியாத வெக்கை, வேனுக்குள் கேட்கவே வேண்டாம். மாமி நான் எங்கிருந்தோ இரவல் வாங்கிக் கொடுத்த கம்பளிச் சட்டையைப் போட்டு, கழுத்து வரைக்கும் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, இரண்டு தலகாணியில் சாய்ந்து இருந்தார். நெற்றி முழுக்க வேர்வை. எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

"கழட்டுங்க மாமி. சாகப் போறீங்களா?"

"போட்டுப் பாப்பமெண்டுதான்கா" என்று கழற்றி மடித்து வைத்தார். பிறகு எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். தன் அடுப்பில், தன் கேத்திலில். தனக்கு முதலில் ஊற்றிக் குடித்துவிட்டுத்தான் எனக்குத் தந்தார். அப்படிச் செய்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஏழாம் நாள், கிழமை முடிந்த அன்று மாப்பிள்ளையின் தமையன் சாவியோடு வந்தான். கலியாணத்துக்கு முன் கராஜில் விட்டு, உள்ளே பலகைகளைக் கழற்றிப் பழையபடி சீட்டுப் பூட்ட வேண்டுமாம். நான் மாமி இறங்கமாட்டார் என்று நினைத்தேன். இறங்கமாட்டார், இறங்கக்கூடாது, அன்றைக்கு மட்டும் யாராவது கை வைத்தால் நானும் குறுக்கே படுப்பது என்று ஆயத்தமாக நின்றேன். மாமி கதவைத் திறந்து, தலை வாரிக் கொண்டை போட்டு, துவைத்த சேலையோடு தானே இறங்கினார்.

"உங்கட சாமான்கள எடுக்கல்லியா அம்மம்மா?" என்று பொடியன் மரியாதையாகத்தான் கேட்டான்.

"இரிக்கட்டும் தம்பி. கேத்தில் நல்ல கேத்தில்."

வேன் தெருவில் திரும்பும் வரைக்கும் இரண்டு பேரும் வேலியடியில் நின்றோம். நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏசிவிடுவேன். அவராகவே என் கையைத் தொட்டார்.

"நல்ல ஊர் புள்ள" என்றார். "கடைசி நாலு நாளும் ஒருத்தரும் என்னட்ட ஒண்டும் கேக்கல்ல."

என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அதற்குள் குசினியிலிருந்து மூத்தவள் கூப்பிட்டாள். "அம்மா, வந்திட்டீங்கதானே, கெதியா வாங்க. மா இடிக்க ஆளில்ல."

"இந்தா வாறன் மகள்" என்று சொல்லிக்கொண்டு மாமி உள்ளே போனார்.